ஒரே வானம், இரு கணக்குகள்

தொழில் நிறுவனம் ஒன்று மூடப்படும்போது, அதற்கான காரணத்தைப் பொருளாதாரச் சூழலின் மீது சுமத்துவோர் ஒருபுறமும், அதை நடத்தியவர்களின் மீது சுமத்துவோர் மறுபுறமுமாக நின்று வாதிடுவது வழக்கம். வட்டி உயர்ந்தது, எரிபொருள் விலை ஏறியது, ரூபாய் மதிப்பு சரிந்தது, அரசின் விதிகள் இடம் தரவில்லை என்று முதல் தரப்பினர் கூற, கடனை அளவின்றி வாங்கினார்கள், அகலக்கால் வைத்தார்கள், கணக்கைக் கவனிக்கத் தவறினார்கள் என்று இரண்டாம் தரப்பினர் கூறுகின்றனர். தனி ஒரு நிறுவனத்தை மட்டும் ஆராய்ந்து இவ்விரு காரணங்களில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்தறிவது கடினம். ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே தொழிலில் இறங்கி, ஒரே நெருக்கடியைச் சந்தித்து, நேர்மாறான முடிவுகளை எட்டிய இரு நிறுவனங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அது ஓரளவு துலங்கும். இந்திய விமானத் துறையில் கிங்ஃபிஷர், இண்டிகோ ஆகிய இரு நிறுவனங்களின் வரலாறு அத்தகைய ஒப்பீட்டுக்கு நன்கு இடம் தருகிறது.

இந்தியாவில் 1953 முதல் அரசின் தனியுரிமையாக இருந்த விமானப் போக்குவரத்து, 1994இல் அதற்கான சட்டம் நீக்கப்பட்டபின் தனியாருக்கு முழுமையாகத் திறக்கப்பட்டது. 2003இல் ஏர் டெக்கான் நிறுவனம் குறைந்த கட்டணச் சேவையைத் தொடங்கி, அதுவரை தொடர்வண்டியை மட்டுமே நம்பியிருந்த நடுத்தர வகுப்பினரையும் விமானத்தில் ஏற்றியது. பொருளாதாரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த அந்தச் சூழலில், கிங்ஃபிஷர் 2005 மே மாதத்திலும் இண்டிகோ 2006 ஆகஸ்டிலும் பறக்கத் தொடங்கின. 2005 ஜூனில் நடைபெற்ற பாரிஸ் விமானக் கண்காட்சியில் இவ்விரு நிறுவனங்களும் ஏர்பஸ் நிறுவனத்திடம் கொள்முதல் ஒப்பந்தங்களை அறிவித்தன. இண்டிகோ, ஒரு விமானம்கூடக் கையில் இல்லாத நிலையில், நடுத்தர அளவுள்ள ஏ320 வகை விமானங்கள் நூற்றைக் கேட்டது. கிங்ஃபிஷர் கேட்டவற்றுள் உலகின் மிகப் பெரிய பயணியர் விமானமான ஏ380 ஐந்தும் அடங்கும். இரு நிறுவனங்களும் தொழிலை எவ்வாறு பார்த்தன என்பது அந்த ஒப்பந்தங்களிலேயே தெரிந்தது.

எல்லோருக்கும் பொதுவான சூழல்

விமானத் தொழிலின் லாபம் மிக மெல்லிய இழையில் தொங்குவது. பயணிகள் எத்தனை பேர் ஏறினாலும் மாறாமல் நிற்கும் செலவுகளை நிலைச்செலவு என்பர். விமானத்தின் வாடகை, விமானிகளின் ஊதியம், பராமரிப்பு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. விற்காத துணியை அடுத்த மாதம் விற்றுக்கொள்ளலாம். புறப்பட்டுவிட்ட விமானத்தின் காலி இருக்கையோ அந்த நொடியே மதிப்பிழந்துவிடுகிறது. ஆகவே, இருக்கைகளில் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்பதே லாபத்துக்கும் நட்டத்துக்கும் இடையிலான கோடாகிறது. இந்திய நிறுவனங்களுக்கு எரிபொருளே மிகப் பெரிய செலவு. அதன்மீது மாநிலங்கள் விதிக்கும் விற்பனை வரி சில இடங்களில் முப்பது சதவீதத்தை எட்டியது. விமான வாடகையும் உதிரிப் பாகங்களும் டாலரில் கணக்கிடப்படுவதால், பயணச்சீட்டை ரூபாயில் விற்கும் நிறுவனம் ரூபாயின் ஒவ்வொரு சரிவிலும் இழப்பைச் சந்திக்கிறது.

இத்தகைய தொழிலின்மீது 2008இல் முதல் அடி விழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 147 டாலரைத் தொட்டது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்ததையடுத்து உலகெங்கும் வணிகப் பயணங்கள் சுருங்கின. 2010 மார்ச்சிலிருந்து 2011 அக்டோபர் வரை ரிசர்வ் வங்கி 13 முறை வட்டியை உயர்த்தியது. 2011இன் நடுவில் டாலருக்கு சுமார் 45 ஆக இருந்த ரூபாய், ஓராண்டுக்குள் 57 வரை சரிந்தது. வெளிநாட்டு விமான நிறுவனங்கள் இந்திய விமான நிறுவனங்களில் முதலீடு செய்ய 2012 செப்டம்பர் வரை தடை இருந்தது. இவை அனைத்தும் இரு நிறுவனங்களுக்கும் பொதுவாக நேர்ந்தவை.

விரைந்து விரிந்ததன் விலை

கிங்ஃபிஷரின் சேவைத் தரத்தைப் பயணிகள் பெரிதும் பாராட்டினர் என்பதில் ஐயமில்லை. ஆனால், இருக்கைதோறும் திரை, சுவையான உணவு, விரிந்த இடவசதி ஆகியவற்றுக்கான செலவை ஈடுகட்டும் கட்டணத்தை, குறைந்த கட்டண நிறுவனங்கள் பெருகிய சந்தையில் அதனால் வாங்க முடியவில்லை. இதைவிடப் பெரிய சுமையை ஏற்றிய முடிவு 2007இல் எடுக்கப்பட்டது. உள்நாட்டில் ஐந்தாண்டுகள் சேவையை முடித்து, இருபது விமானங்களை வைத்திருக்கும் நிறுவனமே வெளிநாடுகளுக்குப் பறக்கலாம் என்ற விதி அன்று நடைமுறையில் இருந்தது. கிங்ஃபிஷருக்கு அந்தத் தகுதி 2010இல்தான் கிடைக்கும். 2003இல் தொடங்கிய ஏர் டெக்கானுக்கோ 2008இலேயே கிடைத்துவிடும். நட்டத்தில் இயங்கிய அந்த நிறுவனத்தின் 26 சதவீதப் பங்குகளை 550 கோடி ரூபாய்க்கு வாங்கிய கிங்ஃபிஷர், அடுத்த ஆண்டு அதைத் தன்னுடன் இணைத்துக்கொண்டு, 2008 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் பறக்கத் தொடங்கியது. லேமன் வங்கி வீழ்ந்ததும் அதே மாதத்தில்தான்.

இணைப்பின் விளைவாக, உயர்தரச் சேவையும் மலிவுச் சேவையும் ஒரே பெயரின் கீழ் வந்தன. கிங்ஃபிஷர் ரெட் எனப் பெயரிடப்பட்ட மலிவுச் சேவை, உயர்தரச் சேவையின் பயணிகளையே தன் பக்கம் இழுக்கக்கூடியதாக இருந்தது. 2011இல் அதைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. பல வகை விமானங்களை இயக்கியதால் ஒவ்வொரு வகைக்கும் தனி விமானிகள், தனிப் பயிற்சி, தனி உதிரிப் பாகங்கள் என்று செலவு பெருகியது. 2008-09 நிதியாண்டில் நட்டம் சுமார் 1,600 கோடி ரூபாயை எட்டியது. பின்னர் வங்கிகள் கடனைச் சீரமைத்து, அதன் ஒரு பகுதியைப் பங்குகளாக மாற்றிக்கொண்டபோதும் நிலைமை திருந்தவில்லை. தன் வாழ்நாளில் ஓராண்டுகூட நிகர லாபம் காட்டாத அந்த நிறுவனத்தின் விமானங்கள் 2012 அக்டோபரில் தரையிறங்கி நின்றன. முன்பதிவு செய்த ஏ380 விமானங்களில் ஒன்றுகூட வந்து சேரவில்லை.

காத்திருந்ததன் பயன்

இண்டிகோ ஒரே வகை விமானத்தையும் ஒரே வகுப்பையும் வைத்துக்கொண்டு தொடங்கியது. ஒரே வகை என்பதால் எந்த விமானியையும் எந்த விமானத்துக்கும் அனுப்ப முடிந்தது. படிக்கட்டுக்குப் பதிலாகச் சரிவுப்பாதையை அமைத்ததால் பயணிகள் விரைந்து ஏறி இறங்க, விமானம் தரையில் நிற்கும் நேரம் குறைந்து, வானில் இருக்கும் நேரம் கூடியது. மொத்தமாக வாங்கியதால் கிடைத்த தள்ளுபடி விலையில் விமானங்களைப் பெற்று, அவற்றைக் குத்தகை நிறுவனங்களுக்கு விற்றுவிட்டு, அதே விமானங்களைச் சில ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுக்கும் முறையை அது கையாண்டது. விற்று மீளக் குத்தகைக்கு எடுத்தல் எனப்படும் இம்முறையால் கடன்சுமை குறைந்ததோடு, பெரும் பராமரிப்புச் செலவு வரும் வயதை எட்டுமுன்பே விமானங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியவற்றைப் பெறவும் முடிந்தது. வெளிநாட்டுச் சேவைக்காக எந்த நிறுவனத்தையும் வாங்காமல், ஐந்தாண்டுகள் முடியும்வரை பொறுத்திருந்து, 2011 செப்டம்பரில் டெல்லியிலிருந்து துபாய்க்குத் தன் ஏ320 விமானத்தையே அனுப்பியது. கிங்ஃபிஷர் பெருநட்டம் கண்ட 2008-09 நிதியாண்டில் லாபம் காணத் தொடங்கிய இண்டிகோ, 2015இல் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும்வரை ஆண்டுதோறும் லாபம் ஈட்டியது.

எனினும், எல்லாம் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டுவது தவறாகும். 2023 மே மாதத்தில் திவால் நடவடிக்கையை நாடிய கோ ஃபர்ஸ்ட் நிறுவனமும் இண்டிகோவைப் போன்றே ஏ320 வகையை நம்பியிருந்தது; பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் இயந்திரக் கோளாறுகளால் அதன் விமானங்களில் பாதியளவு பறக்க முடியாமல் நின்றன. அதே இயந்திரங்கள் இண்டிகோவின் விமானங்களையும் முடக்கியபோதிலும், 2019லேயே வேறொரு நிறுவனத்தின் இயந்திரங்களுக்கு ஒப்பந்தம் செய்திருந்ததும், கையிருப்புப் பணமும் அந்த நிறுவனத்தைத் தாங்கின. வெற்றியும் நிரந்தரமானதன்று. 2025 டிசம்பரில், விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளுக்கேற்பப் போதிய முன்னேற்பாடு செய்யாததால், இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. சிக்கனமே வலிமையாக இருந்த நிறுவனத்தில், இருப்பே இல்லாத சிக்கனம் பலவீனமாக மாறிய தருணம் அது.

இவ்வரலாற்றிலிருந்து தெளிவாவது இதுதான்: நெருக்கடி எப்போது வரும் என்பதைச் சூழல் முடிவு செய்கிறது, வரும்போது தாங்கும் வலிமை இருக்குமா என்பதை, நெருக்கடியின் அறிகுறியே தென்படாத நல்ல காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. கடையோ ஆலையோ நடத்தும் எவருக்கும் இது பொருந்தும். வருமானம் நின்றால் எத்தனை மாதச் செலவைத் தாங்க முடியும், வட்டி உயர்ந்தால் தவணையைக் கட்ட முடியுமா, விரிவாக்கம் லாபத்திலிருந்து நடக்கிறதா கடனிலிருந்து நடக்கிறதா என்ற கேள்விகளை, வியாபாரம் செழித்திருக்கும்போதே கேட்டாக வேண்டும்.

ஏனெனில், தவறான முடிவுக்கான விலையை அதை எடுத்தவர்கள் மட்டும் செலுத்துவதில்லை. கிங்ஃபிஷரின் ஊழியர்கள் மாதக்கணக்கில் ஊதியமின்றி வேலை பார்த்தனர். பாரத ஸ்டேட் வங்கியின் தலைமையில் கடன் கொடுத்த 17 வங்கிகளில் பெரும்பாலானவை, மக்களின் சேமிப்பைக் காக்கும் பொதுத்துறை வங்கிகள். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் மதிப்புள்ளதாகக் கணக்கிடப்பட்டு ஈடாக ஏற்கப்பட்ட கிங்ஃபிஷர் என்ற வணிகப் பெயரும் அதன் சின்னங்களும், 2016 ஏப்ரலில் சுமார் 367 கோடி ரூபாய் அடிப்படை விலையில் ஏலத்துக்கு வந்தன. அன்று அவற்றைக் கேட்க ஒருவரும் முன்வரவில்லை.