மண்டையைத் திறக்காமல் மூளையைப் பார்த்த என்ஜினீயர்!

லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி ஆஸ்பத்திரி. 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி.

நடுத்தர வயதுப் பெண் ஒருவரைப் புதிய எந்திரம் ஒன்றில் படுக்க வைத்தார்கள். மூளையில் கட்டி இருக்குமோ என்று டாக்டர்களுக்குச் சந்தேகம். தலையில் ரப்பர் தொப்பி. அதைச் சுற்றித் தண்ணீர்ப் பெட்டி. எக்ஸ்ரே குழாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைச் சுற்றி வந்தது.

படம் வந்தது. நெற்றிப் பக்கம், மூளைக்குள், வட்டமாக ஒரு கட்டி! ஆபரேஷன் செய்த டாக்டர் அசந்துபோனார். படத்தில் பார்த்தது அப்படியே உள்ளே இருந்தது.

இன்று ஊருக்கு ஊர் இருக்கிறதே சி.டி. ஸ்கேன், அதன் முதல் நோயாளி இந்தப் பெண்தான்.

காற்று ஏற்றிய காலம்

எக்ஸ்ரே 1895-லேயே வந்துவிட்டது. ஆனால் தலையை எக்ஸ்ரே எடுத்தால் மண்டை ஓடுதான் பளிச்சென்று தெரியும். உள்ளே இருக்கும் மூளை தெரியாது.

அதற்காக அந்தக் காலத்து டாக்டர்கள் செய்ததைக் கேட்டால் வயிறு கலங்கும். முதுகில் ஊசி குத்தி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை இறக்கிவிட்டுக் காற்றை ஏற்றுவார்கள். காற்று மூளைக்குப் போகும். பிறகு எக்ஸ்ரே. நோயாளி தலைவலியாலும் வாந்தியாலும் துடித்துப் போவார். கட்டி இருக்கிறதா என்று பார்க்கவே இந்தப் பாடு!

பூட்டிய பெட்டி

இதற்கு முடிவு கட்டியவர் டாக்டர் அல்ல, என்ஜினீயர். பெயர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. விவசாயி மகன். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது, டிப்ளமோதான். யுத்த காலத்தில் விமானப்படையில் ராடார் வேலை. 1951-ல் இ.எம்.ஐ. கம்பெனியில் சேர்ந்தார். (நாய் படம் போட்ட கிராமபோன் தட்டு ஞாபகம் இருக்கிறதா? அதே கம்பெனி!)

1967-ல் அவருக்கு வந்த யோசனை இதுதான்.

நாலு அறை உள்ள கல்லாப்பெட்டி. பூட்டியிருக்கிறது. மேல் அறை இரண்டிலும் சேர்த்து 6 ரூபாய். கீழ் இரண்டிலும் 6. இடப்பக்கம் இரண்டிலும் 7. வலப்பக்கம் 5. எந்த அறையில் எவ்வளவு? சொல்ல முடியாது, பல விடை வரும். “இடது மேல் அறையும் வலது கீழ் அறையும் சேர்த்தால் 9” என்று குறுக்குக் கணக்கு ஒன்றும் கொடுத்துவிட்டால் தீர்ந்தது விஷயம். மேலே 5, 1. கீழே 2, 4. வேறு விடையே கிடையாது. பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

தலைதான் அந்தப் பெட்டி. எக்ஸ்ரே கதிர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அதுதான் கூட்டுத்தொகை. முதல் எந்திரம் 180 கோணங்களில், கோணத்துக்கு 160 தடவை அளந்தது. மொத்தம் 28,800 கூட்டுத்தொகை! அதை வைத்து 6,400 கட்டங்களுக்கு விடை காண வேண்டும். மனுஷன் உட்கார்ந்து போடுகிற கணக்கா அது? கம்ப்யூட்டர் போட்டது.

மாட்டு மூளை

லேசில் கிடைத்த வெற்றி அல்ல. இவரைக் கிறுக்கு என்று ஒதுக்கியவர்களும் உண்டு. லேத் எந்திரத்தின் அடிப்பாகத்தை வைத்துத்தான் முதல் சோதனைக் கருவியைச் செய்தார். ஒரு படத்துக்கு அளவெடுக்க 9 நாள் ஆயிற்று! அத்தனை நாள் யார் தலையை ஆட்டாமல் இருப்பது? எக்ஸ்ரே குழாயைப் பொருத்திய பிறகு 9 மணி நேரமாகக் குறைந்தது.

மருந்தில் ஊறிய மனித மூளையை வைத்து எடுத்தார். படம் அருமையாக வந்தது. “மருந்தினால்தான் இப்படித் தெரிகிறதோ?” என்று அவருக்கே சந்தேகம். உடனே புது மாட்டு மூளை வாங்கி எடுத்துப் பார்த்தார். அதிலும் தெரிந்தது. பிறகுதான் நிம்மதி.

இதே கணக்கை இவருக்கு முன்பே போட்டவர் ஒருவர் இருந்தார். கேப்டவுன் நகரில் ஆஸ்பத்திரி வேலை பார்த்த ஆலன் கார்மக். 1963, 1964-ல் கட்டுரையும் எழுதினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவை ஆராய்கிற இடத்திலிருந்து பிரதி கேட்டுக் கடிதம் வந்ததாம்! கார்மக் கட்டுரை இருப்பது ஹவுன்ஸ்ஃபீல்டுக்குத் தெரியாது. 1979-ல் மருத்துவ நோபல் பரிசை இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். இருவருமே டாக்டருக்குப் படித்தவர்கள் இல்லை.

ரத்தமா, அடைப்பா?

திடீரென்று ஒருவருக்குக் கைகால் விழுந்துவிடுகிறது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், வெடித்தும் இருக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடைப்பு என்றால் கரைக்க மருந்து உண்டு. வெடித்தவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் உயிரே போய்விடலாம். அதனால்தான், “முதலில் ஸ்கேன் எடுங்கள்” என்கிறார் டாக்டர். கசிந்த ரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். இப்போது சில வினாடி வேலை. சாதா எக்ஸ்ரேயைவிடக் கதிர் அதிகம் என்பதால் தேவையில்லாமல் எடுக்கக்கூடாது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் சில சமயம் “எச்.யு.” என்று இரண்டு எழுத்து இருக்கும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1,000, எலும்புக்குப் பல நூறு என்று போகும் அளவு அது. முதல் எழுத்து “எச்”, ஹவுன்ஸ்ஃபீல்டு பெயர்தான்.