மன்னாரும் அதன் பருவங்களும்

திருவள்ளுவர் பொருட்பாலிலே காலமறிதலை 49ஆம் அதிகாரமாகவும், இடனறிதலை அதனை அடுத்து 50ஆம் அதிகாரமாகவும் வைத்தார். இடத்தினும் காலம் முற்பட வைக்கப்பட்டமை நோக்கற்பாலது. அவர் கூறியது பகைமேற் செல்லும் அரசனுக்காயினும், ஊர் காணச் செல்லும் வழிப்போக்கனுக்கும் அம்முறை பொருந்துவதேயாம். நம்மிற் பெரும்பாலார் எங்கே செல்வது என்பதை முதலில் முடிவுசெய்து, எப்போது செல்வது என்பதை விடுமுறை நாட்காட்டியிடம் விட்டுவிடுகின்றனர். பெருநகரங்களைக் காண்பதற்கு இது பெரிதும் கேடு செய்யாது. கடலையும் காற்றையும் மழையையும் நம்பி வாழும் ஒதுக்குப்புறமான கரையூர் ஒன்றைக் காண்பதற்கோ இம்முறை சிறிதும் உதவாது. மன்னாரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடசாலை விடுமுறையை எண்ணி ஆவணி மாதத்திலே மன்னாருக்குச் செல்வோர் பலர். அவர்கள் காண்பது வெடித்துக் கிடக்கும் சேற்று நிலம், வெண்ணிற உப்புப் படலம், கண்ணிலே மணலை வாரியிறைக்கும் காற்று என்பனவே. "மன்னாரிலே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை" என்று அவர்கள் திரும்பிவந்து கூறுவர். அதே நிலத்தை மாசி மாதத்திலே கண்டவன் அச்சொல்லைக் கேட்டு வியப்பான். நிலம் ஒன்றே, காலமே வேறு. ஆதலின் அவ்வூரிற் காலம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

மன்னார்த் தீவு இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இந்தியாவை நோக்கி நீண்டு கிடக்கும் மணற்றிட்டு. அதன் தென்கீழ் முனையிலே மன்னார் நகரும், வடமேல் முனையிலே தலைமன்னாரும் உள்ளன. நகரைப் பெருநிலத்தோடு இணைப்பது ஒரு தாம்போதி. தலைமன்னாருக்கு அப்பால் இராமர் அணை எனப்படும் மணற்றிட்டுகள் தனுக்கோடி வரை தொடர்கின்றன. தீவின் வடபுறத்திலே பாக்குநீரிணைப் பக்கத்துக் கடல். தென்புறத்திலே மன்னார் வளைகுடா. ஒரு தீவுக்கு இயல்பு வேறுபட்ட இரு கடல்கள் அமைந்தமையே அதன் பருவங்களை விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோலாம்.

இப்பகுதி இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. ஆண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடும். அப்போது வீசும் வாடைக்காற்று வடகடலைக் கலக்கும். தென்கடல் ஒப்பளவில் அடங்கியிருக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகமோ தென்கடலைக் கொந்தளிக்கச் செய்யும், வடகடல் அடங்கும். இதனாலேயே மீனவர் குடும்பங்கள் பல காற்று மாறுந்தோறும் ஒரு கரையினின்றும் மறு கரைக்கு வாடி மாற்றிக்கொள்கின்றன. பயணத் திட்டம் வகுப்பவர் இம்மீனவரிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அவர் காற்றைத் தம் வசதிக்கு இழுப்பதில்லை. காற்றுக்கேற்பத் தம் வசதியை அமைத்துக்கொள்கின்றனர்.

இனி, அப்பருவங்கள் தரும் காட்சிகளை நோக்குவாம். அவற்றுள் தலையாயது புலம்பெயர் பறவைகளின் வருகை. வடவாசியாவிலும் நடுவாசியாவிலும் நீர்நிலைகள் உறையத் தொடங்கும்போது வாத்தினங்களும் உள்ளானினங்களும் கடற்காக்கைகளும் தெற்கு நோக்கிப் பறக்கின்றன. இந்தியாவைக் கடந்து வருவனவற்றுக்கு மன்னார் இலங்கையின் வாயிலாக அமைகின்றது. மன்னாரிலே குளிர்காலத்தைக் கழித்த கடற்காக்கைக்குச் செய்மதிக் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, அது மீண்டு ஆர்க்டிக் நிலம்வரை சென்றமை புலனாயிற்று. தாம்போதிக்கு அண்மையிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2008ஆம் ஆண்டிலே பிரகடனப்படுத்தப்பட்டு, 2010ஆம் ஆண்டிலே றாம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டது.

பூநாரைகளைக் காணவே பலரும் விரும்புவர். ஆழங்குறைந்த உவர்நீரே அவற்றுக்கு உகந்தது. அலகைத் தலைகீழாக நீரிலே தோய்த்து, சேற்றையும் நீரையும் வடித்து, சிற்றிறால்களையும் பாசிகளையும் அவை உண்கின்றன. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அவற்றின் இறகிற்குச் செம்மையைத் தருவது. மழை பெய்து கடனீரேரி நிறைந்திருக்கும் நாட்களில் நீர் மிகுந்திருக்குமாதலால் அவை பரந்து சிதறியிருக்கும். தை பிறந்து நீர் வற்றத் தொடங்கியதும், காலூன்றி மேய்வதற்கேற்ற ஆழம் உண்டாகும், உணவும் செறியும், பறவைகளும் ஒருங்கு கூடும். பங்குனி கழிந்தால் நீர் வற்றி உப்பே எஞ்சும். ஆகவே தையும் மாசியுமே பூநாரை காண்பதற்கு நன்னாட்கள் என்பது ஊகத்தாற் கூறியதன்று. நீரின் ஆழமும் உணவின் செறிவும் வகுத்த கணக்கு.

இரண்டாவது, திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரி. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலம், மாந்தை என்னும் பழந்துறைமுகத்தின் மண்மேட்டிலே பாலாவிக் கரையில் விளங்குகின்றது. 1980க்கும் 1984க்கும் இடையில் அங்கு நடந்த அகழ்வாய்வுகள், மேற்கே பாரசீகக் குடாவோடும் கிழக்கே சீனத்தோடும் அத்துறை கொண்டிருந்த வாணிகத் தொடர்பைக் காட்டும் மட்பாண்டங்களை வெளிப்படுத்தின. போர்த்துக்கேயராற் கோயில் அழிந்தபின், 1872ஆம் ஆண்டிலே ஆறுமுக நாவலர் அதனைச் சைவ மக்களுக்கு நினைவூட்டினார். 1903இல் சிறுகோயில் எழுந்தது. 1948இல் திருப்பணிச் சபை அமைந்தது. 1976இலும், போரின் பின்னர் 2022இலும் பெருங் குடமுழுக்குகள் நடைபெற்றன. மாசி மாதத்துச் சிவராத்திரியன்று அடியார்கள் பாலாவியிலே நீர் முகந்து, தம் கையாலேயே பழைய இலிங்கத்துக்கு அபிடேகஞ் செய்யும் வழக்கம் இங்குண்டு. பூநாரைக்குரிய காலமும் சிவராத்திரியும் ஒன்றோடொன்று பொருந்துதல் பயணிக்கு வாய்த்த பேறேயாம். அக்காலத்திலே கட்டுக்கரைக்குளத்தின்கீழ் பெரும்போக நெல் அறுவடையும் நிகழும்.

மற்றைப் பருவங்களும் வெறுமையானவை அல்ல. சித்திரை, வைகாசியில் நுங்கும் ஆடி, ஆவணியில் பனம்பழமும் கிடைக்கும். ஆடி 2ஆம் நாளிலும் ஆவணி 15ஆம் நாளிலும் எனப் பிழையாக எண்ணாது, ஆங்கில நாட்காட்டியின்படி யூலை 2இலும் ஓகஸ்ட் 15இலும் மடுமாதா திருவிழாக்கள் நடைபெறுவதை அறிந்துகொள்ளல் வேண்டும். மதபேதமின்றி மக்கள் கூடும் அந்நாட்களில் மன்னார் வீதி நெரிசலுறும். சோளகக் காலத்திலே இராமர் அணைத் திட்டுகளில் ஆலாக்கள் மணலிலே முட்டையிடுகின்றன. ஒரு காலடி ஒரு கூட்டை அழிக்குமாதலின் அப்போது அங்கு செல்லாதிருத்தலே அறம். பிற காலத்திலும் உரியவர்களின் அனுமதியின்றி அத்திட்டுகளை அணுகலாகாது. சோளகத்தின் வலிமையைக் காண விரும்புவோர் தீவின் தென்கரையிலுள்ள காற்றாலைகளைக் காணலாம். 2020ஆம் ஆண்டிலே தொடங்கிய அந்நிலையத்தில் 30 ஆலைகள் உள்ளன. மேலும் ஆலைகளை நிறுவுதல் பறவைகளின் வழிக்கும் மக்களின் வாழ்வுக்கும் ஊறாகுமோ என்னும் வினா அத்தீவிலே வலுவாக எழுந்துள்ளது. மாணவர்கள் இருபக்க நியாயங்களையும் நேரிற் கேட்டறிதற்கு இது நல்ல வாய்ப்பு.

பருவத்தைக் கணித்துத் திட்டமிடுவதற்கு மன்னாரிலேயே பழைய முன்மாதிரி ஒன்றுண்டு. அதுவே முத்துக்குளிப்பு. இரு பருவக்காற்றுகளுக்கும் இடையிலே கடல் அடங்கும் மாசி, பங்குனி, சித்திரை நாட்களிலேதான் அது நடைபெற்றது. காலம் வந்தவுடன் எவரும் கடலிற் குதித்துவிடவில்லை. முன்னரே பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, முத்தின் மதிப்பைக் கணித்த பின்னரே அரசினர் சலாபத்தை அறிவித்தனர். சிப்பி முற்றாத ஆண்டுகளிற் குளிப்பு இல்லை. 1905ஆம் ஆண்டிலே மரிச்சுக்கட்டிக் கரையிற் பல்லாயிரவர் கூடினர். ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகரமே எழுந்து, சில வாரங்களில் மறைந்தது. அதனை அடுத்து 1906இல் சலாபம் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. சிப்பி குன்றியமையால் அம்முயற்சி விரைவில் வீழ்ந்தது. காலத்தை ஆராய்ந்து செய்த வினை செழித்ததும், கடலின் அளவை மீறிய ஆசை கெட்டதும் ஒரே கரையிலே நிகழ்ந்தன. தேசாதிபதி நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பிலே கட்டுவித்த மாளிகையின் சிதைவை இன்று கடல் அரித்துவருகின்றது.

இவற்றை அறிந்தபின் திட்டம் வகுத்தல் எளிது. முதலிலே பயணத்தின் நோக்கம் ஒன்றை வரையறுத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே முறையிற் காண விரும்புவோர் எதனையும் காணார். நோக்கத்துக்கேற்ற மாதத்தைத் தெரிந்தபின் வழியையும் தங்குமிடத்தையும் உறுதிசெய்தல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோர் 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி வழியாகச் செல்லலாம். தெற்கிலிருந்து செல்வோருக்கு மதவாச்சிச் சந்தியினின்று பிரியும் புகையிரதப் பாதை உண்டு. 1914இல் இந்தியப் பயணத்துக்காகத் திறக்கப்பட்ட அப்பாதை போர்க்காலத்திலே அழிந்து, 2015இல் தலைமன்னார்த் துறைவரை மீண்டும் இயங்கத் தொடங்கியது. வண்டிகளின் நேரம் மாறக்கூடுமாதலாற் புறப்படுமுன் விசாரித்தல் நன்று.

மார்கழி விடுமுறையிற் செல்லலாமோ என்று ஆசிரியர் சிலர் வினவக்கூடும். பறவைகள் வந்திருக்கும் என்பது உண்மை. ஆயின் அதுவே வங்கக்கடலிற் புயல் தோன்றும் காலமுமாம். 1964 டிசம்பரிலே தனுக்கோடியை அழித்த புயல் நம் வடகரையையும் தாக்கியது. மாணவர் குழுவோடு செல்பவர் அத்துணை இடரை ஏற்றல் தகாது. சிவராத்திரியை ஒட்டி இரண்டொரு பாடசாலை நாட்களுக்கு அனுமதி பெற்றுச் செல்வதே சிறந்தது. தவறும் பாடத்தைப் பின்னர் ஈடுசெய்யலாம். தவறிய பருவத்துக்கு ஓராண்டு காத்திருத்தல் வேண்டும்.

அவ்வாறு செல்வோர் சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னதாகவே சேர்தல் நலம். திருவிழாவன்று மடங்களும் விடுதிகளும் நிறைந்துவிடும். முதல்நாள் மாலையிலே, போர்த்துக்கேயர் 1560இல் அமைத்து ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றிய கோட்டையையும், பள்ளிமுனையிலுள்ள பெரும் பெருக்கமரத்தையும் காணலாம். ஆபிரிக்காவுக்குரிய அம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. இரண்டாம்நாள் வைகறையில் தாம்போதியையும் வங்காலைப் பகுதியையும், வெயில் தணிந்தபின் தலைமன்னாரையும் பார்த்தல் தகும். மூன்றாம்நாளை மாந்தைக்கும் கோயிலுக்கும் ஒதுக்குக. இரவு முழுதும் விழித்திருந்தவரை மறுநாட் காலையே வாகனம் ஓட்டச் செய்தல் கூடாது. அரைநாள் இளைப்பாறியே மீளல் வேண்டும். குடிநீர், தொப்பி, தொலைநோக்கி என்பன மறவாது கொண்டுசெல்லற்குரியன.

இறுதியாக ஒன்று கூறல் வேண்டும். பூநாரை நமக்குக் காட்சி; அதற்கோ அது இரை தேடும் காலம். நெருங்கிச் சென்று அதனை எழுப்பும்போது, நெடும்பயணத்துக்காக அது சேர்த்த வலிமையை நாம் வீணாக்குகின்றோம். தெருவோரத்தினின்றே பார்த்தல், ஓசை செய்யாதிருத்தல், பறக்கும் படப்பிடிப்புக் கருவிகளைத் தவிர்த்தல் என்பன இன்றியமையாதன. ஊர் மக்களும் காட்சிப்பொருள் அல்லர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். தமிழரும் போரினாற் பன்முறை இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் அங்கே வலை பின்னியும், வயல் விதைத்தும் வாழ்கின்றனர். பறவை ஆண்டுதோறும் தடையின்றி மீளும் கரைக்கு, மனிதர் மீள்வதற்கு இருபது ஆண்டுகளும் மேலும் ஆயின என்பதை இளைஞர்கள் உணர்தல் வேண்டும். அவ்வூர்க் கடையில் உண்டு, அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு கேட்டு வருதலும் கல்விச் சுற்றுலாவின் பகுதியே. நம் கல்லூரி மாணவர்கள் அடுத்த தை பிறக்குமுன்னரே இத்தகைய பயணமொன்றைத் திட்டமிடுவாராக.