ஸுஹலின் பனிக்கோளில் பக்தாத்

அரபு இலக்கணத்தில் தன்வீன் ஏற்காத பெயர்ச்சொற்களைக் கற்பிக்கும்போது உமர், ஸுஃபர் ஆகியவற்றோடு ஸுஹல் என்ற சொல்லையும் எடுத்துக்காட்டாகக் கூறுவது ஆசிரியர்களின் வழக்கம். ஆமிர் என்பதிலிருந்து உமர் திரிந்தது போல, ஸாஹில் என்ற வடிவிலிருந்து ஸுஹல் திரிந்ததாக இலக்கணிகள் கொள்வர். விலகிச் சென்றது, எட்டத்தில் ஒதுங்கியது என்பது அதன் பொருள். மாணவர்கள் இதை மனனம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றனர். அந்த ஸுஹல் வானில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சுட்டிக்காட்டுவோர் அரிதினும் அரிது.

2025 நவம்பரில் ஓர் இரவு, இஷாத் தொழுகைக்குப் பின் இறுதியாண்டு மாணவர்கள் சிலரைக் கல்லூரி மாடிக்கு அழைத்துச் சென்று, இரவலாகப் பெற்ற சிறு தொலைநோக்கி வழியே அதைக் காட்டினோம். படங்களில் பார்த்த வளையம் எங்கே என்று ஏமாற்றத்துடன் கேட்டார் ஒரு மாணவர். வளையம் இருக்க வேண்டிய இடத்தில் மயிரிழை போன்ற ஒரு கோடுதான் அன்று தென்பட்டது.

இந்த ஏமாற்றம் அவருக்கு மட்டும் உரியதன்று. 1610இல் தம் தொலைநோக்கியைச் சனியின்பால் திருப்பிய கலீலியோ, நடுவே பெரியதும் இருபுறமும் சிறியவையுமாக மூன்று கோள்கள் ஒட்டி நிற்பதாகக் கருதினார். 1612இல் பார்த்தபோது பக்கத்துக் கோள்கள் இரண்டையும் காணாமல் திகைத்தார். உண்மையை விளக்கியவர் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ். கோளை எங்கும் தொடாமல் அதைச் சுற்றி ஒரு தட்டையான வளையம் இருக்கிறது, அது சாய்ந்திருப்பதால் சில ஆண்டுகள் விரிந்தும் சில ஆண்டுகள் விளிம்பளவாகவும் தோன்றுகிறது என்று 1659இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை வளையம் நம் பார்வைக்கு இவ்வாறு மறைகிறது. 2009இலும் 2025 மார்ச்சிலும் அப்படியே நிகழ்ந்தது. அதன் முதன்மை வளையங்களின் குறுக்களவு சுமார் 2,70,000 கிலோமீட்டர். தடிமனோ பெரும்பகுதியில் 10 மீட்டர் அளவே. மாடியில் நாம் கண்டது அந்த விளிம்பைத்தான்.

வளையத்துக்கு உரிய கோளைப் பற்றியும் சில சொற்கள். சூரியனிலிருந்து சராசரியாக 143 கோடி கிலோமீட்டர் தொலைவில் அது சுழல்கிறது. சூரிய ஒளி அங்குச் சென்று சேர ஏறத்தாழ 80 நிமிடங்கள் ஆகின்றன. நடுக்கோட்டு விட்டத்தில் பூமியைப் போல் ஒன்பது மடங்குக்கும் மேல். நிறையில் 95 மடங்கு. ஆயினும் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் திரண்ட கோள் ஆதலின், அதன் சராசரி அடர்த்தி தண்ணீரை விடக் குறைவு. பத்தரை மணி நேரத்துக்குச் சற்றே கூடிய பொழுதில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடுவதால் நடுவில் பருத்து, துருவங்களில் அமுங்கி நிற்கிறது.

தன்னைச் சுற்றுவதில் இத்துணை விரைவு காட்டும் கோள், சூரியனைச் சுற்றிவர 29 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. வெறுங்கண்ணால் பார்த்த முன்னோருக்குத் தெரிந்தது இந்த மெல்லிய நடை ஒன்றே. வடமொழியில் சனைச்சரன் என்றால் மெல்ல நடப்பவன். சனி என்ற பெயரும் அவ்வழி வந்ததே. மந்தமாகச் செல்வது ஏன் தீயதாக வேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை. எனினும் அரபு ஜோதிடரும் இதைப் பெரிய நஹ்ஸ் என்றே முத்திரை குத்தினர். ஏழரை ஆண்டுக் கணக்குக்கு அஞ்சுவோரைக் கேலி செய்யும் நம்மவர்களில் சிலர், நஹ்ஸான நாள் பார்த்துத் திருமணம் தள்ளிவைப்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

இனி அதன் துணைக்கோள்கள். 2025 மார்ச்சில் ஒரே நேரத்தில் 128 புதியவை ஏற்கப்பட்டபோது அவற்றின் தொகை 274 ஆயிற்று. பெரும்பாலானவை சில கிலோமீட்டர் அளவுள்ள பாறைப் பனித் துண்டுகள். புதன் கோளை விடப் பெரிய டைட்டன் தனி உலகம். அடர்ந்த நைட்ரஜன் காற்றும், மீதேன் மழையும், ஏரிகளும் கொண்ட அதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுத வேண்டும். இங்கு நாம் எடுத்துக்கொள்வது 1789இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த என்செலடஸ். விட்டம் சுமார் 504 கிலோமீட்டர் மட்டுமே. தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும் தூய வெண்பனி அதன் போர்வை. அதனால் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 200 பாகை.

இத்தகைய சிறு கோள் எப்போதோ உறைந்து அடங்கியிருக்க வேண்டும் என்றே கருதப்பட்டது. 2004இல் சனியை அடைந்து 13 ஆண்டுகள் ஆய்வு செய்த காசினி விண்கலம் அக்கருத்தை மாற்றிற்று. 2005இல் என்செலடஸின் தென்துருவத்தில் நான்கு நீண்ட பிளவுகளை அது கண்டது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம், 500 மீட்டர் ஆழம். அவற்றிலிருந்து நீராவியும் பனித்துகளும் ஊற்றுகளாகப் பீறிட்டு விண்ணில் பாய்ந்துகொண்டிருந்தன. சனியின் வளையங்களுள் ஒன்றையே இந்தத் துகள்கள்தாம் இடைவிடாது நிரப்பி வருகின்றன.

இதற்கான வெப்பம் எங்கிருந்து வருகிறது? என்செலடஸ் 33 மணி நேரத்தில் சனியைச் சுற்றுகிறது. அது இருமுறை சுற்றும்போது டயோனி என்ற மற்றொரு துணைக்கோள் ஒருமுறை சுற்றுகிறது. இந்த ஒழுங்கான இழுப்பால் அதன் பாதை முழு வட்டமாகாமல் சிறிதே நீண்டிருக்கிறது. சனிக்கு அருகில் வரும்போதும் விலகும்போதும் அதன் உடல் பிசையப்படுகிறது, பிசைவதால் சூடேறுகிறது. மேற்பரப்பின் அடியில் கோள் முழுவதும் உப்பு நீர்க் கடல் இருப்பது, அதன் மெல்லிய அசைவைக் கணக்கிட்டு 2015இல் உறுதி செய்யப்பட்டது. ஊற்றுகளில் ஹைட்ரஜன் வாயு இருப்பது 2017இலும், துகள்களில் பாஸ்பேட் இருப்பது 2023இலும் அறிவிக்கப்பட்டன. உயிர் வாழத் தேவையானவை இவை, உயிர் கண்டறியப்படவில்லை. இத்தகைய செய்தி வந்ததும் அதற்கொரு திருவசனத்தைத் தேடிப் பொருத்திக் காட்டும் பழக்கம் மேடைகளில் மிகுந்துவிட்டது. அடுத்த ஆய்வில் செய்தி மாறினால் என்ன செய்வார்கள் என்று நாம் கவலைப்படுவதுண்டு.

அந்த நான்கு பிளவுகளுக்கும் உலக வானியல் ஒன்றியம் 2006இல் சூட்டிய பெயர்கள் பக்தாத், திமிஷ்க், காஹிரா, இஸ்கந்தரிய்யா. என்செலடஸின் பெயர்கள் யாவும் ஆயிரத்தொரு இரவுகள் கதைத் தொகுதியின் ஆங்கிலப் பெயர்ப்பிலிருந்து எடுக்கப்படுகின்றன. வாயேஜர் விண்கலங்கள் அனுப்பிய படங்களைக் கொண்டு 1982இலேயே அலாவுதீனும் அலிபாபாவும் அங்குப் பள்ளங்களாயினர். ஸமர்கந்தும் அங்கே உண்டு. சிந்துபாத் சென்றடைந்த ஸரந்தீப், அதாவது நம் அண்டை நாடான இலங்கை, ஒரு சமவெளியாக விரிந்து கிடக்கிறது.

கதைக்காகச் சூட்டப்பட்டவையே எனினும், இந்நகரங்களுக்கு ஸுஹலின்மேல் வேறோர் உரிமை இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இஸ்கந்தரிய்யாவில் இருந்துதான் தாலமி கோள்களின் நடையைக் கணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பணியாற்றிய ஃபர்கானி, ஸுஹலின் மிகுதொலைவு புவி ஆரத்தைப் போல் 20,110 மடங்கு என்று எழுதினார். உண்மைத் தொலைவு இதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் தொலைநோக்கி ஏதுமின்றி விண்ணுக்கு அளவு கூற முனைந்த துணிவை என்னென்பது! காஹிராவில் 1009இல் மறைந்த இப்னு யூனுஸ், கோள்கள் ஒன்றையொன்று நெருங்கும் காட்சிகளைத் தம் அட்டவணை நூலில் பதிவு செய்தார். திமிஷ்கின் உமய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் முவக்கித்தாக இருந்த இப்னுஷ் ஷாதிர், 1375இல் மறையுமுன் தாலமியின் கோள் அமைப்பையே திருத்தி எழுதினார். ஸமர்கந்தில் மன்னர் உலூக் பேக் 1437இல் நிறைவு செய்த அட்டவணையில் ஸுஹலின் ஓராண்டு நகர்வு 12 பாகை, 13 கலை, 39 விகலை. இன்றைய கணக்கு 36 விகலை என்கிறது. வேறுபாடு மூன்றே விகலை!

அந்த உலூக் பேக்கின் ஆசிரியரான காழி ஸாதா ரூமி எழுதிய ஷரஹ் சக்மீனி, தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருந்த நூல். இன்று அதன் படிகளைப் பழைய நூலகங்களில் தேட வேண்டியிருக்கிறது. பூமியை மையமாகக் கொண்ட அந்த நூலை மீண்டும் பாடமாக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அதை விலக்கிய இடத்தில் புதிய வானியல் நூல் எதையும் வைக்காமல் விட்டதுதான் குறை. இலக்கண எடுத்துக்காட்டாக மட்டும் ஸுஹல் நம் வகுப்பில் எஞ்சிவிட்டது.

2025 மே மாதம் சனியில் சமபகலிரவு நிகழ்ந்தது. என்செலடஸின் தென்துருவத்தில் அதன் பின்னரே பகல் தொடங்கியிருக்கிறது. நமக்குக் கிடைப்பதில் தொண்ணூறில் ஒரு பங்கு வெளிச்சமே அது. ஆயினும் பக்தாத், திமிஷ்க், காஹிரா, இஸ்கந்தரிய்யா ஆகிய நான்கின் மீதும் ஏறத்தாழ 2039 வரை படும். அவ்வாண்டுகளில் வளையமும் மெல்ல மெல்ல விரிந்து பின் ஒடுங்கும். அடுத்த ஆண்டு மீண்டும் மாடிக்கு அழைத்துச் செல்லுமாறு அந்த மாணவர் கேட்டிருக்கிறார்.