தரை யார் பொறுப்பு?

நெய்வேலி மைன்ஸிலோ தெர்மலிலோ வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செயின் பிளாக்கைக் கண்டால், எத்தனை டன் என்று பொறித்திருக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கண் தானாகத் தேடும். ஆர்ச் கேட்டுக்கு வெளியே, கும்பகோணம் சாலையோரப் பட்டறைகளில் அந்தக் கண்ணை மூடிக்கொள்கிறோம். வண்டியை ஏற்றி நிறுத்தும் டூ போஸ்ட் லிஃப்ட் வாங்கப் போனால் "எத்தனை டன் தூக்கும்?" என்று கேட்போம். எந்தத் தரையில் நிற்கும் என்று கேட்க மாட்டோம்.

இரண்டு தூண்களும் வண்டியைக் கைகளில் ஏந்தி நிற்கும்போது உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். வெளிப்பக்கத்து ஆங்கர் போல்ட்கள்தான் அவற்றை இழுத்துப் பிடிக்கின்றன. போல்ட்டைப் பிடித்திருப்பது காங்கிரீட். ஆறு அங்குலக் கனம் கேட்கும் மாடலும் உண்டு, எட்டு கேட்பதும் உண்டு. கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டைல்ஸும் மேல்பூச்சும் அந்தக் கணக்கில் சேராது. புதிதாகப் போட்ட காங்கிரீட் என்றால் 28 நாள் பொறுங்கள். பழைய சர்வீஸ் குழியை மண்ணடித்து மூடிய இடத்தின் மேலோ, அதன் விளிம்பிலோ தூணை நிறுத்தவே கூடாது.

நம் ஊரில் இதற்குச் சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. டிரில் போடும்போது கீழே உட்கார்ந்து தூளைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வரும்வரை காங்கிரீட். மூன்று அங்குலத்திலேயே செம்மண் சிவப்பாகக் கொட்டினால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பொருத்த வந்தவர் "ஒண்ணும் ஆகாது சார், கெமிக்கல் ஊத்திடலாம்" என்பார். கனமில்லாத தரைக்கு எந்தக் கெமிக்கலும் கனம் தராது.

போல்ட்டை டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். கை அழுத்தம் கணக்கில்லை. சில நாள் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். வண்டி மேலே போனதும் லாக்கில் இறக்கி உட்கார வைக்காமல் யாரும் அடியில் நுழையக் கூடாது. எண்ணெய் அழுத்தம் தூக்குவதற்கு மட்டுமே.

இனி காகிதம். பல விற்பனையாளர்கள் கொட்டேஷனின் அடியில் 'சிவில் வேலை வாடிக்கையாளர் பொறுப்பு' என்று பொடி எழுத்தில் போட்டுவிடுவார்கள். பின்னால் வரும் தகராறெல்லாம் அந்த ஒரு வரியில்தான் முளைக்கிறது. என்ன கனம், என்ன தரம், பொருத்துமுன் தரையைப் பார்த்து ஒப்புக்கொண்டது யார் என்பதை எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

"தொழிலுக்கு வாங்கின மெஷினுக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது" என்று மிரட்டுவார்கள். பாதிதான் உண்மை. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. அந்த வழக்கில் மெஷின் வாங்கியவர் தோற்றார். ஆனால் சுயதொழிலாகத் தானே இயக்கிப் பிழைக்க மெஷின் வாங்குபவர் நுகர்வோரே, துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்று தீர்ப்பு சொல்கிறது. ஒரு மெக்கானிக்கும் ஒரு ஹெல்ப்பரும் உள்ள பட்டறை இதில் அடங்கும். பத்துப் பேர் வேலை செய்யும் சர்வீஸ் சென்டர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. உதவி எண் 1915.

ஹெல்ப்பருக்கு அடிபட்டால் கதை வேறு. பட்டறை சிறிது, வேலைக்குச் சேர்ந்ததற்குக் காகிதம் இல்லை என்பதெல்லாம் முதலாளியைக் காப்பாற்றாது. இறப்புக்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கு, பாதி மாதச் சம்பளத்தை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்குவது. 15,000 ரூபாய் வாங்கும் 25 வயதுப் பையன் இறந்தால் 16 லட்சத்து 26 ஆயிரத்துக்கு மேல் வரும். இ.எஸ்.ஐ. இல்லாத பட்டறையில் அதைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. இந்தப் பொறுப்பு அதிலும் தொடர்கிறது. லிஃப்ட் வாங்கும் அன்றே தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியும் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதா? வாரம் ஒருமுறை தூணின் அடித்தகட்டைக் குனிந்து பாருங்கள். தகட்டுக்கும் தரைக்கும் நடுவே போஸ்ட் கார்டு நுழைகிற இடைவெளி வந்திருந்தாலோ, போல்ட்டைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தாலோ, வண்டி ஏற்றுவதை நிறுத்திப் படம் எடுங்கள். விற்றவருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள். பிடுங்கிக்கொண்டு வந்த போல்ட்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாமல், தேதி எழுதிய கவரில் வைத்திருங்கள்.