வட்டச் சுட்டும் நினைவகக் கசிவும்

கணினியின் நினைவகம் எல்லையுடையது. பொருள்நோக்கு நிரலாக்கத்திலே தோன்றும் ஒவ்வொரு பொருளும் அதில் ஓரிடத்தைப் பெறுகின்றது. பயன் முடிந்தவிடத்து அவ்விடம் மீள ஒப்படைக்கப்படல் வேண்டும். ஒப்படைக்கப்படாத இடம் சிறிது சிறிதாகப் பெருகிப் பல நாள் ஓய்வின்றி இயங்கும் நிரலை ஈற்றில் நிலைகுலையச் செய்யும். இதுவே நினைவகக் கசிவு எனப்படும்.

பொருளொன்றின் பயன் முடிந்ததென அறிவது எங்ஙனம்? 1960ஆம் ஆண்டில் ஜோர்ஜ் கொலின்ஸ் என்பார் சுட்டெண்ணிக்கை என்னும் முறையை வெளியிட்டார். பொருளைச் சுட்டுவன எத்தனை என்பது எண்ணப்படும். சுட்டுத் தோன்றின் எண் கூடும், நீங்கின் குறையும், பூச்சியமானதும் பொருள் அழிக்கப்படும்.

இம்முறை வட்டமாய் அமைந்த சுட்டுக்களிடத்துப் பயன்படாதென்பதை 1963இல் மக்பெத் என்பார் எடுத்துக்காட்டினார். நூல், அத்தியாயம் என இரு பொருள்கள் உளவெனக் கொள்க. நூல் அத்தியாயத்தைச் சுட்டும். தான் எந்நூலுக்குரியதென அறிதற்பொருட்டு அத்தியாயமும் நூலைச் சுட்டும். நிரலின் சுட்டு ஒன்று, அத்தியாயத்தின் சுட்டு ஒன்று. ஆக, நூலின் எண் இரண்டு. நிரல் தன் சுட்டை நீக்கியபின்னும் அவ்வெண் ஒன்றாய் நிற்கும். ஆதலின் நூல் அழியாது. நூல் அழியாமையின் அத்தியாயமும் அழியாது. அவற்றை அடையும் வழி நிரலுக்கு இல்லை. ஆயினும் ஒன்றையொன்று பற்றி அவை நிலைத்திருக்கும். எண்ணிக்கை பற்றுதலை அளக்கின்றதேயன்றித் தேவையை அளப்பதில்லை.

இதற்குப் பரிகாரம் உடைமையை வரையறுத்தலாகும். நூல் அத்தியாயத்தை உடையது. அத்தியாயமோ நூலை அறிவது மாத்திரமே. எனவே முன்னையது வன்சுட்டாகவும், பின்னையது எண்ணிக்கையிற் சேராத மென்சுட்டாகவும் அமைதல் தகும். 2011ஆம் ஆண்டின் சி பிளஸ் பிளஸ் நியமமும், 2014இல் வெளிவந்த ஸ்விஃப்ட் மொழியும் இவ்வசதியை அளிக்கின்றன. சுட்டப்பட்ட பொருள் அழிந்தவிடத்து மென்சுட்டு வெறுமையாகும். ஆதலின் பயன்படுத்துமுன் அதனைச் சோதித்தல் இன்றியமையாதது.

பிறிதொரு நெறியும் உண்டு. 1960இல் ஜோன் மக்கார்த்தி வகுத்த முறையில், நிரல் அடையத்தக்க பொருள்கள் யாவும் குறிக்கப்பட்டு, எஞ்சியவை நீக்கப்படும். வட்டமும் இதற்குத் தப்பாது. சுட்டெண்ணிக்கையைக் கையாளும் பைதன் மொழி, வட்டங்களைக் கண்டு நீக்கும் பகுதியொன்றை 2000ஆம் ஆண்டிற் சேர்த்துக்கொண்டது. எனினும், வேண்டாத பொருளை நிரலே மறதியாற் சுட்டிக்கொண்டிருப்பின் எம்முறையும் அதனை அகற்றாது. எண்ணுதலும் குறித்தலும் பொறியின் தொழில். எது எதற்கு உடைமை எனத் துணிதல் நிரலாளன் கடன்.