விரல் நுனிவரை பேச்சு

பண்டைய ரோமில் பேச்சுக்கலைக் கல்விக்கு ஐந்து பிரிவுகள் இருந்தன: கருத்தைத் தேடுவது, வரிசைப்படுத்துவது, சொல்லில் வடிப்பது, மனத்தில் இருத்துவது, அவையில் நிகழ்த்துவது. ஐந்தாவதை 'ஆக்டியோ' என்றார்கள். குரல், முகம், கை, உடை எல்லாம் இதற்குள் வரும். இதை மிக விரிவாக எழுதிவைத்தவர் குவிண்டிலியன். ஸ்பெயினில் பிறந்து, ரோமில் அரசுச் சம்பளம் பெற்ற ஆசிரியர். கி.பி. 95 வாக்கில் முடித்த 12 பாகப் பாடநூலில், 11ஆம் பாகத்தின் நீண்ட அத்தியாயம் ஒன்றை இதற்கே ஒதுக்கினார்.

முதல் பயிற்சி சிறுவயதிலேயே, நகைச்சுவை நாடக நடிகரிடம். சொல்லின் கடைசி அசையை விழுங்குவது, உதட்டைக் கோணுவது, கழுத்தைச் சாய்ப்பது, தரையைப் பார்த்துப் பேசுவது ஆகியவற்றை அவர் திருத்துவார். குடிகாரனைப்போல் தள்ளாடவோ அடிமையைப்போல் குழையவோ மட்டும் பழக்கக் கூடாது. நடிகர் தொழிலை ரோமச் சமூகம் இழிவாகவே பார்த்தது. ஆகவே நடிகரிடம் கற்கவும் வேண்டும், நடிகராகத் தெரியவும் கூடாது. இந்தச் சங்கடம் பாடம் முழுவதிலும் தெரிகிறது.

கைக்கான விதிகள்தான் வியக்கவைக்கும் அளவுக்கு நுணுக்கமானவை. நடுவிரலை மடக்கிக் கட்டைவிரலைத் தொட்டு, மற்ற மூன்றையும் நீட்ட வேண்டும்; இது மிகப் பொதுவான முத்திரை. முன்னுரையில் அதை இருபுறமும் மெல்ல அசைத்தால் போதும். நிகழ்ச்சியை விவரிக்கும்போது அசைவில் உறுதி கூடும், கண்டிக்கும்போது வேகம் கூடும். கை கண்ணுக்கு மேலே போகக் கூடாது, மார்புக்குக் கீழே இறங்கக் கூடாது. இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் முடிய வேண்டும். இடக்கைக்குத் தனியாக வேலை கிடையாது. படமே இல்லாத பாடம் இது. படிப்பவர் தம் விரலை மடக்கித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குரலுக்கு எடுத்துக்காட்டு ரோமப் பேச்சாளர் கையஸ் கிராக்கஸ். அவர் பேசும்போது பின்னால் ஒருவன் சிறு குழலோடு நின்று, குரல் ஏறி இறங்க வேண்டிய சுருதியை ஊதிக் காட்டுவானாம். தவறுக்கு எடுத்துக்காட்டு இன்னொரு பேச்சாளரான கியூரியோ. அவர் இருபுறமும் ஆடியாடிப் பேசியதைக் கண்ட ஒருவர், படகில் நின்று பேசுவது யார் என்று கேட்டுவிட்டார்.

ஆடை நழுவுவதற்கும் ஒரு நேரம் உண்டு. தொடக்கத்திலேயே ரோமர்களின் மேலாடையான டோகா தோளிலிருந்து சரிந்து, அதைச் சரிசெய்யாமல் விட்டால் அது அலட்சியம். பேச்சு முடியும் தறுவாயில் வியர்வை வழிந்து, டோகா கலைந்து நழுவினால் குவிண்டிலியன் அதைக் குறையாகக் கொள்வதில்லை. பேசுபவருக்கு அது பொருத்தமே என்கிறார்.