இல்லறத்தில் இரு புனிதர்

சிறுமலர் தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்க இல்லம் நம்மிடையே இல்லை எனலாம். பாடுபட்ட சுரூபத்தையும் உரோசா மலர்களையும் மார்போடு அணைத்து நிற்கும் அவ்விளந்துறவியின் சுரூபத்தை நமது ஆலயங்கள் பலவற்றில் காண்கிறோம். நம் புதல்வியருக்கு அவர் பெயரைச் சூட்டி மகிழ்கிறோம். ஆனால், அவரை ஈன்று வளர்த்த தாயும் தந்தையும் 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசால் புனிதர்களாக அறிவிக்கப்பட்டதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தம்பதியர் என்ற முறையில் இருவர் ஒருசேரப் புனிதர் பட்டம் பெற்றது திருச்சபை வரலாற்றில் அதுவே முதன்முறை.

அவர்கள் மடம் எதையும் நிறுவியவர்கள் அல்லர். வேதத்திற்காக இரத்தம் சிந்தியவர்களும் அல்லர். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரம் செய்து பழுதுபார்க்கும் கடைக்காரர். தாய் செலி அம்மையார் லேஸ் பின்னலைத் தொழிலாகக் கொண்டவர். பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் கடை, கணக்கு, பிள்ளைப்பேறு, நோய், மரணம் என்று நம்மைப் போலவே வாழ்ந்தவர்கள். அத்தகையோரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றி வைத்திருப்பதன் பொருளை நாம் சிந்தித்துப் பார்த்தல் நன்று.

மூடிய கதவும் திறந்த கதவும்

இளமையில் இருவருமே துறவறத்தை நாடியவர்கள். ஆல்ப்ஸ் மலையில் உள்ள புனித பெர்நார்து மடத்தின் கதவைத் தட்டிய லூயி, இலத்தீன் கல்வி போதாமையால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பிறரன்புச் சகோதரிகளுடன் சேர விழைந்த செலியிடம், அது இறைவனின் திருவுளம் அன்று என மடத்துத் தலைவி கூறிவிட்டார். இருவரும் 1858ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் நள்ளிரவில் ஆலயத்தில் மணம் புரிந்துகொண்டனர்.

மணமான பின்னரும் புனிதம் என்பது துறவறத்திற்கே உரியது என்ற எண்ணம் அவர்களை விட்டு அகலவில்லை. ஏறத்தாழப் பத்து மாதங்கள் உடன்பிறப்புகளைப் போலவே வாழ்ந்தனர். அவர்களுடைய ஆன்ம குருவின் அறிவுரையே அவர்களைத் திருப்பியது. இறைவன் தங்களுக்குத் திறந்துவிட்ட கதவு இல்லறம் என்பதை உணர்ந்தனர். அதன் பின் பிறந்த மக்கள் ஒன்பதின்மர். தெரேசம்மாள் அவர்களுள் கடைக்குட்டி.

நம் குடும்பத்தவரிடையேயும் இத்தகைய எண்ணம் வேரூன்றியிருக்கிறது அன்றோ? "சாமி, செபதவம் எல்லாம் உங்களைப் போன்றவர்களுக்கு, வயிற்றுப்பாட்டிற்கு ஓடும் எங்களுக்கு ஏது நேரம்?" என்று கேட்போர் பலர். அப்படிக் கேட்பவர்கள் புனிதத்தை வேலை முடிந்த பின் எஞ்சும் நேரத்தில் தேடுகிறார்கள். 1609ஆம் ஆண்டிலேயே புனித பிரான்சிஸ் சலேசியார், இல்லறத்தில் வாழ்வோரையும் மனத்தில் கொண்டு பக்தி வாழ்வைப் பற்றி நூல் எழுதி, தொழிலாளி துறவியைப் போல நாள் முழுதும் கோயிலில் இருப்பது முறையன்று என்றும், அவரவர் நிலைக்குப் பொருந்தியதே மெய்யான பக்தி என்றும் விளக்கினார். 1964ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு, தன் ஐந்தாம் அதிகாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியது. எந்நிலையினராயினும் கிறிஸ்தவர் அனைவரும் புனிதத்திற்கு அழைக்கப்பட்டவர்களே என்பது அதன் போதனை.

கடையிலும் ஒரு சாட்சியம்

அலென்சோன் லேஸ், ஊசியால் நுண்ணிதாகப் பின்னப்படுவது. சிறு சிறு துண்டுகளாகப் பல பெண்கள் தத்தம் வீடுகளில் பின்னித் தருவார்கள். அத்துண்டுகளை இணைப்புத் தெரியாவண்ணம் ஒன்றாகத் தைப்பதே செலி அம்மையாரின் கைத்திறன். வாரந்தோறும் வியாழக்கிழமை பணியாளர்கள் அவர் இல்லத்திற்கு வந்து, முடித்ததைக் கொடுத்து, புதிய வேலையைப் பெற்றுச் செல்வார்கள். அவர்களுடைய பிழைப்பு அவர் கையில் இருந்தது. அவருடைய நேர்மையும் அவர்கள் கண்முன்னே இருந்தது.

லூயி, ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் திறப்பதில்லை. நாட்டுப்புறத்து மக்கள் நகருக்கு வரும் அந்நாளில் வணிகம் பெருகும் என்று நண்பர்கள் எடுத்துரைத்தும் அவர் இசையவில்லை. 1870ஆம் ஆண்டில் தம் கடையையே மருமகனிடம் விற்றுவிட்டு, மனைவியின் தொழிலுக்குத் துணை நின்றார். ஆணின் தொழில் உயர்ந்தது, பெண்ணின் தொழில் தாழ்ந்தது என்று கருதாத அம்மனத்தை நம் ஆடவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக!

இவர்களுக்குச் சோர்வே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். செலி அம்மையாரின் கடிதங்கள் இருநூறுக்கும் மேல் நமக்குக் கிடைத்துள்ளன. இந்த லேஸ் வேலை தன் வாழ்வையே கடினமாக்குகிறது என்று அவற்றில் முறையிடுகிறார். குழந்தையின் காய்ச்சலைப் பற்றியும், வேலைக்காரர் பற்றியும், பணக்கவலை பற்றியும் எழுதுகிறார். அத்தனைக்கும் நடுவில் கணவனும் மனைவியும் விடியற்காலைத் திருப்பலிக்கு நாளும் சென்றனர். சோர்வு நீங்கிய பின் இறைவனிடம் வந்தவர்கள் அல்லர். சோர்வையும் சுமந்துகொண்டே வந்தவர்கள்.

வீட்டிற்குள் ஒரு காயம்

ஒன்பது மக்களில் நால்வர் குழந்தைப் பருவத்திலேயே மரித்தனர். எஞ்சிய ஐவருள் மூன்றாமவளான லெயோனியே பெற்றோரின் நெஞ்சில் முள்ளாக இருந்தாள். நோய்வாய்ப்பட்டவள், பிடிவாதக்காரி, பள்ளியிலும் நிலைக்கவில்லை. எத்தனை கண்டித்தும் பயனில்லை. அவ்வீட்டிலேயே இருந்த பணிப்பெண் ஒருத்தி அச்சிறுமியைக் கொடுமையாக அடக்கி ஆண்டு வந்தது, தாயின் வாழ்வின் கடைசி ஆண்டான 1877இல்தான் வெளிவந்தது. ஒரே கூரையின் கீழ் பல்லாண்டு நடந்ததைப் புனிதையான தாய் அறியவில்லை!

அன்புமிக்க பெற்றோரே, இந்நிகழ்ச்சியை நாம் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. புனிதம் என்பது குறையே காணாத குடும்பம் அன்று. உண்மை வெளிப்பட்டபோது அத்தாய் அதனை மறுக்கவில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்று மூடி வைக்கவும் இல்லை. மகளைத் தம்மருகே இருத்தி, மார்புப் புற்றுநோயால் வருந்திய அந்நாட்களில் தம் எஞ்சிய நேரத்தை அவளுக்கு அளித்தார். லெயோனியின் உள்ளமும் இளகியது. குணம் வேண்டி ஜூன் மாதம் லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்றும் அம்மையாருக்கு நலம் கிட்டவில்லை. ஆகஸ்டு 28ஆம் நாள், 45ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அப்போது தெரேசம்மாளுக்கு வயது நான்கரை.

லெயோனி மும்முறை மடம் புகுந்து மும்முறையும் திரும்பி வந்தார். நான்காம் முறையாக 1899இல் கான் நகரிலுள்ள மரியன்னை மினவுதல் சபையில் சேர்ந்து, 1941இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவருக்கும் புனிதர் பட்டம் வழங்குவதற்கான விசாரணை 2015இல் தொடங்கப்பட்டது. தாய் விதைத்ததன் பலனைத் தாய் காணவில்லை. படிக்காத மகனுக்காக, குடிக்கு அடிமையான மகனுக்காக, வீட்டை விட்டகன்ற மகளுக்காகக் கண்ணீரோடு செபமாலை சொல்லும் நம் தாய்மார்கள் இதனை மனத்தில் இருத்துவார்களாக.

தந்தையின் சிலுவை

தம் ஐந்து புதல்வியருள் மூவர் கார்மேல் மடம் புகுந்த பின் லூயியின் நினைவு தடுமாறியது. சொல்லாமல் வீட்டை விட்டுச் சென்றுவிடுவார். 1889இல் கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்றாண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். பின்னர் கால்கள் செயலற்ற நிலையில் இல்லம் திரும்பி, 1894ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் மரித்தார். நினைவு மங்கிய முதியவர் எதனைச் சாதிக்க முடியும்? எனினும் திருச்சபை அவரைப் புனிதர் என்கிறது. இன்று மறதிநோயால் வாடும் பெற்றோரைப் பேணும் குடும்பங்கள் நம் பங்குகளில் பெருகி வருகின்றன. ஒரே கேள்வியைப் பத்துமுறை கேட்கும் தந்தைக்குப் பத்தாம் முறையும் கனிவோடு விடை கூறுகிற மகனும் மருமகளும் ஆண்டவருக்கே பணிவிடை செய்கிறார்கள்.

நாம் செய்யத்தக்கது

ஆலயத்தில் ஒரு நீதி, அங்காடியில் ஒரு நீதி, அடுப்படியில் ஒரு நீதி என்று நம் வாழ்வைப் பிரித்து வைத்திருப்பதே புனிதத்திற்குப் பெருந்தடை. ஞாயிறு திருப்பலியில் நன்மை வாங்கிய நாவு, திங்களன்று வேலைக்காரப் பெண்ணை ஏசுகிறது. திருவிழாத் தேருக்கு நன்கொடை அளித்த கை, கூலியாளின் பணத்தை நாளைக்கு என்று தள்ளி வைக்கிறது. கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று பழைய ஏற்பாட்டுச் சட்டமே கட்டளையிடுகிறதே!

ஆகவே, இரவில் குடும்ப செபமாலை முடிந்ததும் மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நமக்காக உழைத்தவருக்கு உரியதை இன்று கொடுத்தோமா? இவ்வீட்டில் அன்பு செய்வதற்கு நமக்கு மிகக் கடினமாயிருப்பவரிடம் இன்று ஒரு நல்ல சொல் சொன்னோமா? எவருடைய துன்பத்தையேனும் காணாமல் கடந்து சென்றோமா? விடை நமக்கு எதிராக இருப்பினும் மனந்தளர வேண்டாம். நாளைக் காலை அதே கடையும் அதே அடுப்பும் நமக்காகக் காத்திருக்கும். அங்கேதான் நம் ஆண்டவரும் நம்மைச் சந்திக்கிறார்.

ஜூலை 12ஆம் நாள் இத்தம்பதியரின் நினைவு நாள். அன்று கணவனும் மனைவியும் இணைந்து திருப்பலியில் பங்கேற்று, தம் இல்லத்தை மீண்டும் இறைவனுக்கு ஒப்புக்கொடுப்பார்களாயின், அதனினும் ஏற்ற காணிக்கை வேறில்லை.